பக்கம் ஒன்றுக்கு அறுநூறு ரூபா

நாளை பத்து மணிக்கு முன் அனுப்ப வேண்டும்.
முப்பத்தொரு பக்கம்.
நல்லூர்ப் பக்கம் ஒரு விடுதியில் இரண்டு நாள் கருத்தரங்கு,
தலைக்கு ஒரு கோப்பு, ஒரு பேனை, மத்தியானச் சோறு.
பொருள்: பிராந்தியத்துக்கென ஒரு படை.
தன் தன் நாட்டில், தன் தன் முகாமில்
சப்பாத்துக் கட்டியபடி இருக்கும்;
அயலில் எங்காவது வீடு எரிந்தால் புறப்படும்.

பதினோராம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

தயார்நிலைப் படை என்று போட்டேன்.
தீயணைப்பு வண்டி போல இருந்தது.
கச்சேரியில் இருந்து இளைப்பாறிய பத்மாசனி அக்காவுக்கு எடுத்தேன்.
"காத்திருப்புப் படை எண்டு போடும்,
என்னத்துக்கு மினக்கெடுறீர்?" என்றா.

காத்திருப்பு.
எழுதிப் பார்த்தால் ஆஸ்பத்திரி வாங்கு,
இலக்கம் கூப்பிடும் வரைக்கும்.

அடுத்த வரி இன்னும் மோசம்.
அமைதி காத்தல்.
எங்கள் மொழியில் அது வாயை மூடிக்கொண்டிருப்பதும்தான்.
பரீட்சை மண்டபத்தில் எழுதி ஒட்டுவார்கள்.
அஞ்சலிக் கூட்டத்தில் ஒரு நிமிடம் செய்வார்கள்.
ஒரு படை அதை எப்படிச் செய்யும்?

எனக்கு ஒரு படையைத் தெரியும்.
ஆடி முடிய வந்தது. எனக்கு ஒன்பது வயது.
கோண்டாவில் சந்தியில் மாலை போட ஆட்கள் முண்டியடித்தார்கள்.
என் செவ்வரத்தம்பூ எட்டவில்லை,
சில்லுக்கு எறிந்தேன்.
ஒருவன் எங்கள் கேற்றில் நின்று கறிவேப்பிலை கேட்டான்,
எங்கள் மொழியில், வேறு ராகத்தில்.
அம்மா கொப்போடு முறித்துக் கொடுத்தா.

ஐப்பசியில் ஊரடங்கு.
பாண் வாங்கப் போன வாமதேவன் மாமா...
அதைப் பற்றி முப்பத்தொரு பக்கம் எழுதலாம்,
அறுநூறு ரூபாவுக்கு மாட்டேன்.
சைக்கிள் மட்டும் வந்தது,
ஆரோ உருட்டிக்கொண்டு.
கறிவேப்பிலை கேட்டவன் அன்றைக்கு எந்தச் சந்தியில் நின்றான்?
சுட்டிருக்கலாம். சுடாமல் இருந்திருக்கலாம்.
அவனும் செத்திருக்கலாம்.

ஆகவே கோப்பை மூடிவிட்டு
"வேண்டாம், வராதேங்கோ" என்று
ஒரு வரியில் பதில் போடலாம்.
பத்தொன்பதாம் பக்கம் வரை அப்படித்தான் நினைத்தேன்.

அங்கே ஒரு அட்டவணை.
ஆலோசகர் போய்ச் சேர முப்பது நாள்.
முழுப் படையணி, தொண்ணூறு.
மக்கள் கொத்தாக அழியும் நிலை என்றால் மட்டும்
பதினான்கு.

பதினான்கு.

இன்னொரு வருஷம், சித்திரை மாதம்,
மச்சாள் யசோதினி கடற்கரையில் இருந்து எடுத்தாள்,
ஆருடையதோ போனில், நிமிடத்துக்குக் காசு கொடுத்து.
"ஆரும் வருவினமாமோ?
கப்பல் வருதெண்டு கதைக்கினம்."
"வருவினம்" என்றேன்.
எனக்கு ஒன்றும் தெரியாது.
செய்தியில் உலகம் கவலை தெரிவித்திருந்தது, அவ்வளவுதான்.
பதினான்காவது நாளும் அவள் இருந்தாள்,
அது தெரியும்.
இருபதாவது நாள் தெரியாது.
அயல் முழுக்க அப்போது,
நல்ல தமிழில் சொன்னால்,
அமைதி காத்தது.

வந்ததற்கு ஒரு சொல் வேண்டும்.
வராததற்கு வேறொன்று.
பதினோராம் பக்கத்துக்குத் திரும்பிப் போய்
இரண்டையும் போட்டேன், நடுவில் ஒரு சாய்கோடு.
கருத்தரங்கில் ஆராவது வெட்டட்டும்.

கரண்ட் போனது.
முன் வங்கியின் ஜெனறேற்றர் பத்து எண்ணுமுன்
தானாக இரைந்தது. என் மேசைக்கு அதன் வெளிச்சம் இல்லை.
மடிகணினியில் இருபது வீதம் மிச்சம்.

இருபத்தேழாம் பக்கம், செலவு மதிப்பீடு:
கூடாரம், தண்ணீர் வடிகட்டி, முட்கம்பி, மோப்ப நாய்.
கடைசிக்கு முதல் வரி:
மொழிபெயர்ப்பாளர், நூற்றிருபது பேருக்கு ஒருவர்.

ஒன்றை ஆறாக்கக் கை போனது.
மாற்றக் கூடாது, அது தொழில்.
ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் வைத்தேன்.

நூற்றிருபது துவக்குக்கு ஒரு வாய்.
அந்த வாய் அன்றைக்கு
கோண்டாவில் சந்தியில் நின்றிருந்தால்
சொல்ல வேண்டியது பெரிய வசனமில்லை:
இவர் பாண் வாங்கப் போகிறார்.